அத்தான் கொடுத்த கறுப்புக் கண்ணாடி

நாயின் காதுக்குள் நெளியும் புழுக்களை இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறவள் சின்னவள். கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலை. சீழ், வாந்தி, பேதி, எதுவும் அவளை அசைக்காது. அப்படிப்பட்டவளுக்கே அந்தக் கூலிங்கிளாஸ் கடையில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது.

கூட அக்காவும் வந்திருந்தாள். அக்காவின் கணவர், அத்தான், நடத்தும் மலை நடைக் குழுவோடு இருவரும் முதல் தடவையாகப் போகிறார்கள். பல நாள் நடை. மேலே கணவாயில் பனி இன்னும் உருகவில்லை, வெயில் வானத்திலிருந்தும் அடிக்கும், தரையிலிருந்தும் அடிக்கும், கண்ணாடி இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.

கடையில் சுழலும் கம்பியில் நூறு கண்ணாடிகள் தொங்கின. சின்னவள் ஒன்றை எடுத்தாள். மூக்கு பதியும் இடத்தில் யாருடைய முகப்பவுடரோ வேர்வையோடு குழைந்து பசையாக ஒட்டியிருந்தது. அடுத்ததன் கீலில் ஒரு நரைமுடி. மூன்றாவதைக் கடைக்காரரே எடுத்து, "இது ஃபாரின் சரக்கும்மா" என்று சொல்லி, கண்ணாடியின் மேல் நாக்கை ஒரு இழுப்பு இழுத்து, பனியன் நுனியில் துடைத்து நீட்டினார்.

"போட்டுப் பாருங்க."

"நீங்களே போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள் சின்னவள். தெருவில் நின்று இரண்டு தடவை எச்சில் துப்பினாள். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய நின்றாள்.

"மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கை விடறவ, உனக்கு இது தாங்கலையாடி?"

"மாடு தெரிஞ்சா பண்ணுது?"

மறுநாள் வேலை முடிந்ததும் சின்னவள் ஹெல்மெட், கையுறை விற்கிற கடைக்குப் போனாள். சாலை போடுகிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் சாமான் வாங்குகிற இடம். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கான நிறக் கண்ணாடி அங்கே உறை பிரிக்காமல் இருந்தது. முழுக்கப் பிளாஸ்டிக், பக்கவாட்டிலும் வளைந்து கண்ணை மூடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று சோதித்த முத்திரை உறைமேல் இருந்தது. விலையும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் இல்லை. வாங்கி, அடுத்த நாள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், பூனைக்குட்டிகளை எடை போடும் தராசில் வைத்துப் பார்த்தாள். முள் அசைந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அன்று முழுக்க அதைப் போட்டுக்கொண்டே நாய்களைக் குளிப்பாட்டினாள். குனிந்தாலும் நழுவவில்லை, காதின் பின்னால் உறுத்தவில்லை, தொப்பியோடும் ஒத்துப்போனது. அக்காவுக்கும் ஒன்று வாங்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"வேண்டாம்டி. குழுவுக்கே இவரு வாங்கிட்டாரு. எனக்கும் எடுத்து வெச்சிருக்காரு."

போய்ப் பார்த்தாள். கூடத்தில் ஒரு அட்டைப் பெட்டி, அதில் மை மாதிரி கறுத்த கண்ணாடிகள். முத்திரையும் இல்லை, ஒன்றும் இல்லை. அத்தான் சின்னவளின் கண்ணாடியை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சின்னவளே, மலைக்கு வரியா, வெல்டிங் வைக்கப் போறியா?"

"எடை இல்ல, மூக்கு வலிக்காது அத்தான். உங்களோடது கதிரைத் தடுக்குமா? கறுப்பா இருந்தா மட்டும் போதாது. இருட்டுக்குக் கண்மணி இன்னும் விரியும், தடுக்காத கண்ணாடின்னா கதிர் நேரா உள்ள இறங்கும். கண் டாக்டர் கிட்ட ஒரு மெஷின் இருக்கு, நிமிஷத்துல பாத்துடலாம்."

"நான் எத்தனை மலை ஏறினவன்! எனக்கே பாடமா? எல்லாம் உசத்தி சரக்கு, தெரிஞ்ச இடத்துல சொல்லி வரவழைச்சது."

அக்கா கண்ணால் கெஞ்சினாள். சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்காகப் பின்னால் தன்னையே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள்.

கணவாயை எட்டிய அன்று மேகமே இல்லை. பகல் முழுக்க வெள்ளைப் பனிமேல் நடந்தார்கள். பொழுது சாயும்போது தங்கும் குடிலுக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா முதுகுப்பையை இறக்கவே இல்லை, அப்படியே உட்கார்ந்து கண்ணைக் கசக்கினாள்.

"மணல் விழுந்த மாதிரி இருக்குடி."

கொஞ்ச நேரத்தில் கண் திறக்க முடியவில்லை. இமை வீங்கிக் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. மூலையில் இருந்த, குழுவோடு வந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கும் அவள் தம்பிக்கும் அதே கதி. மூவரும் அத்தான் கொடுத்ததைப் போட்டவர்கள். மற்றவர்கள் அவர் கொடுத்ததைப் பையில் வைத்துவிட்டு, தங்கள் பழைய கண்ணாடியையே போட்டிருந்தார்கள்.

"தூசிதான். தண்ணி விட்டுக் கழுவினா சரியாயிடும்" என்றார் அத்தான், காலுறையைக் கழற்றிக்கொண்டே.

சின்னவள் துணியை நனைத்து அக்காவின் கண்மேல் போட்டாள். அப்போதுதான் பலகைமேல் அத்தான் கழற்றி வைத்திருந்த கண்ணாடி அவள் கண்ணில் பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் அதே கறுப்பு. கையில் எடுத்தால் வேறு. காம்பின் உள்பக்கம் சோதனை முத்திரை பளிச்சென்று இருந்தது.

"அத்தான், இது அந்தப் பெட்டியில இருந்ததா?"

"அது... என்னோடது. தனியா வாங்கினது."

"ஏன் தனியா?"

அவர் ஒரு நொடி யோசித்தார். பொய் சொல்வதா வேண்டாமா என்கிற யோசனை.

"இங்க பாரு, கொடுத்தவன் சொல்லித்தான் கொடுத்தான், இது போட்டோவுக்குப் போடறதுன்னு. ஒரு நாள் பனி, என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன். எல்லாரும் ஒரே மாதிரி போட்டு நின்னா போட்டோ எடுப்பா இருக்கும், அடுத்த நடைக்கு ஆள் சேரும். நான் முன்னாடி போறவன், எனக்குக் கண்ணு சரியா இருக்கணும் இல்ல?"

சின்னவளுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டியது. சீழ் வடியும் புண்ணுக்குக்கூட ஒரு நியாயம் இருக்கிறது, இதற்கு என்ன இருக்கிறது? நாக்கூசாமல் சொல்லிவிட்டு மனுஷன் மற்றக் காலுறையையும் உருவுகிறார்.

"சரி. நாளைக்கு இறங்கும்போதும் பனிதான். இதை அக்காவுக்குக் கொடுங்க. என்னோடது அந்தத் தம்பிக்கு. ஆசிரியைக்கு வேற யார்கிட்டயாவது கேட்டு வாங்கறேன்."

"அப்ப நான் எதைப் போட்டுக்கறது?"

ஈரத்துணிக்கு அடியில் அக்காவின் முகம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது.

"ஏங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "எனக்குக் கொடுத்தீங்களே, அது இருக்கே. அதைப் போட்டுக்குங்க."

அவர் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வர விருப்பமுள்ள நாலு பேரோடு கணவாய்க்கு மேலே இருந்த உச்சிக்குப் போனார். சின்னவள் தன்னுடையதை அந்தத் தம்பிக்குக் கொடுத்தாள். ஆசிரியைக்கு ஒருவர் இரவல் கொடுத்தார். அக்காவின் கண்ணைத் துணியால் கட்டி, தன் சால்வையைக் கிழித்து மெல்லிய கீறல் மட்டும் விட்டுத் தன் முகத்தில் சுற்றிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து அடி அடியாக இறக்கினாள். வழி முழுக்க அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவருக்குத் தெரிஞ்சேதான் கொடுத்தாரு, இல்லடி?"

"ஆமாக்கா."

டாக்டர் மருந்து விட்டார், இருட்டறையில் படுக்கச் சொன்னார். ஓரிரு நாளில் மூவருக்கும் கண் தெளிந்தது. தெளிந்த அன்றே அக்கா சின்னவளின் வீட்டிலிருந்து குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். "என் புருஷன் கொடுத்த கண்ணாடியைப் போடாதீங்க. குப்பையில போடறதுக்கு முன்னாடி உடைச்சுப் போடுங்க, வேற யாராவது எடுத்துப் போட்டுடப் போறாங்க" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னாள்.

சாயங்காலம் அத்தான் வந்து வாசலில் நின்று கத்தினார். மானம் போச்சு, குழுவே கலைஞ்சு போச்சு, கட்டினவளே இப்படிப் பண்ணலாமா என்றெல்லாம் குதித்தார். உச்சியில் வெயில் பட்டு முகம் கறுத்திருந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி மறைத்த இடம் வெளேரென்று இருந்தது. அக்கா அந்த வெள்ளை வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

சமையலறையில் நின்ற சின்னவள் ஓங்கரித்தாள். எத்தனை வருஷம் அந்த ஆளின் வீட்டில் உட்கார்ந்து, அந்த ஆள் சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்து, வயிறாரச் சாப்பிட்டிருக்கிறாள். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். போகவில்லை. மறுபடியும் கொப்பளித்தாள்.