பாதிப் பலகை

தறியறையில் காயத்ரி சிரித்தாள். அவளைத் தொடர்ந்து ஆனந்தகுமாரும் சிரித்தான். பின்னறையில் வீங்கிய விரல்களை வெந்நீரில் அமிழ்த்தி உட்கார்ந்திருந்த அம்சவேணிக்கு வயிறு பற்றி எரிந்தது. இருபது வருஷமாக இதே புருஷனோடு ஒரே பலகையில் உட்கார்ந்து நெய்திருக்கிறாள். அவளோடு அவன் வாய்விட்டுச் சிரித்தது எத்தனை தடவை? எண்ணுவதற்கு ஒரு கை விரலே அதிகம்.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுத் தறி கோர்வைப் புடவைக்கானது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஊடுநூலை ஓட்டும் நடுநாடாவை ஒருவர் போட, கரைநாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் போட வேண்டும். கல்யாணமான மறுமாதமே கரைப் பக்கம் உட்கார்ந்தவள் அம்சவேணி. போன வருஷம் முடக்குவாதம் வந்து, காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது. அடுத்த தெருவில் குடியிருக்கும் கொழுந்தன் பெண்டாட்டி காயத்ரி, பத்து நாளைக்கு ஒத்தாசை என்று வந்தாள். பத்து நாள் எட்டு மாசமானது. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறவள் என்று அம்சவேணி முடிவே கட்டிவிட்டாள்.

தை மாசம் டாக்டர் ஜெயப்ரியா ஊசி எழுதினார். துணைக்குப் போனவளும் அந்தக் காயத்ரிதான்.

"நம்ம ரத்தத்துல காவல் அணுக்கள் இருக்குதும்மா. அதுங்களுக்குள்ள சேதி சொல்லிக்கிறது சைட்டோகைன்னு ஒரு பொருளாலதான். கிருமி வந்தா, ஓடி வாங்கன்னு ஒண்ணு கூப்பிடும். வேலை முடிஞ்சா, போதும் கலைஞ்சி போங்கன்னு இன்னொண்ணு சொல்லும். டி.என்.எஃப்னு ஒரு சைட்டோகைன் உங்களுக்குக் கிருமியே இல்லாம கூப்பிட்டுக்கினே இருக்குது. வந்த கூட்டம் உங்க மூட்டையே போட்டு அடிக்குது. இந்த ஊசி அந்தச் சேதியை வழியிலயே பிடிச்சி வச்சிக்கும்."

"கை மடங்குமா டாக்டர்?"

"மடங்கும். ஆனா ஒண்ணு. சில பேரு நுரையீரல்ல பழைய டிபி கிருமி தூங்கிக்கினு இருக்கும். அதைச் சுத்தி காவலை விலகாம நிக்க வைக்கிறதும் இதே டி.என்.எஃப்தான். உங்களுக்கு டெஸ்ட்ல எதுவும் தெரியல. இருந்தாலும் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையறது, எது வந்தாலும் உடனே வந்து சொல்லணும். ஊசியை நிறுத்திடுவோம்."

அம்சவேணியின் காதில் 'மடங்கும்' மட்டும்தான் ஏறியது. காயத்ரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தன் ஐந்து வயசு மகள் கீர்த்தியைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, இவளுக்கு ஸ்கூல்ல ஓயாம சளி புடிக்குது. உங்களுக்கு இப்ப எதுவும் ஒட்டிக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்கு இவ உங்ககிட்ட வர வேணாம்க்கா."

நல்லதுக்குத்தான் சொன்னாள். அம்சவேணிக்கு அப்படியா பட்டது? புருஷன் பக்கத்து இடம் போதாது, கொஞ்சுகிற பிள்ளையையும் பிரிக்கிறாள், பாதகத்தி.

ஊசி வேலை செய்தது. பங்குனியில் விரல்கள் மடங்கின. அம்சவேணி குளித்து, கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து நேராகத் தறிக்குப் போனாள்.

"காலையில நீ உக்காருமா. மத்தியானத்துக்கு மேல காயத்ரி உக்காரட்டும். எடுத்த எடுப்புல கைய வருத்தக் கூடாது" என்றான் ஆனந்தகுமார்.

பாதி. இருபது வருஷத்து இடத்தில் அவளுக்குப் பாதி.

அன்றிலிருந்து மத்தியானங்களில் அம்சவேணி ஒரு காரியம் செய்தாள். பள்ளி விட்டு வந்த கீர்த்தியை முன்னறையில் தூங்க வைத்துவிட்டுக் காயத்ரி தறியில் உட்காருவாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அம்சவேணி பூனை நடை நடந்து பிள்ளையைத் தூக்கிப் பின்னறையில் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வாள். தறிச் சத்தம் நிற்பதற்குள் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவாள். "அம்மாகிட்ட சொல்லாதடி செல்லம்" என்றால் கீர்த்தியும் சொல்லமாட்டாள். பிள்ளையின் மூச்சு கழுத்தில் படும். தறியறையில் சிரிப்புக் கேட்கும். நல்லா சிரிடி, உன் பொண்ணு இங்கே என் மடியில் கிடக்கிறாள் என்று அம்சவேணி மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அதில் ஒரு குளிர்ச்சி இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

ஆடியில் இருமல் வந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் காய்ச்சல் வந்து போனது. ரவிக்கை தொளதொளத்தது. டாக்டர் சொன்னது அத்தனையும் அப்போது வரி பிசகாமல் ஞாபகம் வந்தது. சொன்னால் ஊசி நிற்கும். ஊசி நின்றால் விரல் நிற்கும். முழுப் பலகையும் காயத்ரிக்குப் போய்விடும். அம்சவேணி தலையணையில் வாயை அழுத்தி இருமினாள். மத்தியானங்களில் கீர்த்தியைத் தூக்குவதையும் விடவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை, தறியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. வாயிலிருந்து எடுத்த கையில் ரத்தம். ஆனந்தகுமார் நாடாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான்.

டிபிதான். ஊசி நின்றது, மாத்திரை ஆரம்பித்தது. நாலாம் நாள் சுகாதாரப் பணியாளர் மாணிக்கவேல் படிவத்தோடு வந்தார். ஆனந்தகுமார் பெயரையும், தறிக்கு வந்து போகிறவள் என்று காயத்ரி பெயரையும் எழுதிக்கொண்டார்.

"சின்னப் பசங்க யாராவது நெருங்கிப் பழகறாங்களாமா?"

"இல்ல சார். எம் பொண்ண நான் அக்கா பக்கத்துலயே விடறதில்ல. தை மாசத்துலேருந்து விடல" என்றாள் காயத்ரி. கவனமாக இருந்தவளின் நிம்மதி அவள் குரலில் இருந்தது.

மாணிக்கவேல் பேனாவை மூடினார். அம்சவேணி முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பிள்ளையின் மூச்சு இன்னும் கழுத்திலேயே இருந்தது.

"கீர்த்தி பேர எழுதிக்கங்கப்பா. தினம் மத்தியானம் எம் பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்தா. நான்தான் தூக்கினு போவேன்."

காயத்ரி திரும்பினாள். "இருமல் இருக்கறப்பவுமா?"

"ஆமா."

"எதுக்குக்கா?"

"நீ அங்க சிரிச்சிக்கினு இருந்த. எனக்குப் பொறுக்கல."

காயத்ரி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஆனந்தகுமார் அம்சவேணியின் முகத்தைப் பார்க்காமல் தறியறைக்குள் போனான்.

கீர்த்தியின் முன்கையில் சோதனை ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் அந்த இடம் தடித்து வீங்கியது. மாணிக்கவேல் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார்.

"கிருமி உள்ள போயிருக்குது. காவல் அணுங்க அதை அடையாளம் கண்டுக்கினு, சேதி சொல்லிக் கூட்டத்தைக் கூட்டியிருக்குது. அந்த வீக்கம்தான் இது. எக்ஸ்ரேல நெஞ்சு சுத்தமா இருக்குது, நோயா மாறல. ஆறு மாசம் மாத்திரை போட்டா மாறாமத் தடுத்துடலாம்" என்றார்.

மறுநாள், இந்த வீட்டில் விட்டுப்போன துணிகளை எடுக்கக் காயத்ரி வந்தாள். கீர்த்தி மட்டும் பின்னறை ஜன்னலுக்கு ஓடி வந்து, கம்பிக்கு வெளியே நின்று கையை நீட்டினாள்.

"பெரிம்மா, இங்க பாரு. எனக்கும் உன் விரல் மாதிரியே வீங்கிக்கிச்சி."

"தள்ளிப் போடி கண்ணு" என்று அம்சவேணி ஜன்னல் கதவை இழுத்தாள். "கீர்த்தி, வா, மாத்திரை போடணும்" என்று காயத்ரியின் குரல் வாசலில் கேட்டது. அப்புறம் தெருவில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம்.

தறியறையில் ஆனந்தகுமார் சும்மா உட்கார்ந்திருந்தான். கரைப் பக்கத்துப் பலகை முழுசாகக் காலியாக இருந்தது. இனி அதற்குப் போட்டியே இல்லை. அம்சவேணி ஜன்னல் கொக்கியைப் போடப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை.