கத்திரிக்காய் சேர்க்காத ஐவார்

செப்டம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் ஸ்ட்ரூமிட்சாவில் காற்றுக்கே பசியெடுக்கும். எந்தத் தெருவில் திரும்பினாலும் முற்றத்தில் தகர அடுப்பு எரியும்; அதன் மேல் சிவப்புக் குடைமிளகாய் தோல் கருகிச் சீறிக்கொண்டிருக்கும். காயப்போட்ட துணியில் அந்த வாசனை, பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தலைமுடியில் அந்த வாசனை. குளிர்காலம் முழுக்க ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள, அந்த மிளகாயை அரைத்து வீட்டுக்கு வீடு ஐவார் கிளறி ஜாடியில் அடைக்கும் காலம் அது.

ருமேனா தன் ஐவாரைத் திங்கட்கிழமையே முடித்துவிட்டாள். இருபத்தெட்டு ஜாடி. மூடி இறுக்கி, பழைய கம்பளியில் சுற்றி ஆறவைத்து, நிலவறை அலமாரியில் அடுக்கியாகிவிட்டது. நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டியவள்தான். ஆனால் வியாழக்கிழமையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம், கீழே முற்றத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஆறு சாக்கு மிளகாய். அவை அவளுடையவைகூட இல்லை, ஓரகத்தி லில்யானாவுடையவை.

வீடு ஒன்று, தளம் இரண்டு. மாடியில் அண்ணன் த்ராய்சேயும் ருமேனாவும். கீழே தம்பி போஷ்கோவும் லில்யானாவும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தலைநகரில் படிக்கிறார்கள். முற்றம் பொது, திராட்சைப் பந்தல் பொது, மிளகாய் சுடும் தகர அடுப்பும் பொது. ஓரகத்திகள் மட்டும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

பேச்சு நின்றது கத்திரிக்காயால். ருமேனா வீட்டு ஐவாரில் சுட்ட கத்திரிக்காயும் சேரும். அது அவள் அம்மாவின் கைப்பழக்கம். லில்யானாவுக்கோ ஐவார் என்றால் மிளகாய் மட்டும்தான், வேறெதுவும் கிட்டே வரக் கூடாது. இருபது வருஷம் ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்துப் பாத்திரங்களில், ஒருத்தியை ஒருத்தி கிண்டலடித்துக்கொண்டே கிளறியவர்கள்தான். மூன்று வருஷத்துக்கு முன் வீட்டுப் புனிதரின் திருநாள் விருந்துக்கு லில்யானாவின் அண்ணன் குமானோவோவிலிருந்து வந்தார். மேசையில் இருந்த ருமேனாவின் ஐவாரை ஒரு கிண்ணம் வழித்துத் தின்றுவிட்டு, "ஆகா, ஐவார்னா இது!" என்றார்.

"நல்லாத்தான் இருக்கும்," என்று சிரித்தாள் லில்யானா. "பாதி கத்திரிக்காயப் போட்டு ஒப்பேத்தினா மிளகாயும் மிச்சம், காசும் மிச்சம்!"

மேசையே சிரித்தது. ருமேனா எழுந்தாள். விருந்தாளியின் கரண்டியோடு சேர்த்துக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு அடுப்பெரிப்பு.

இந்த வருஷம் லில்யானா புதன்கிழமை சந்தையில் மிளகாய் வாங்கிப் போட்டாள். வியாழக்கிழமை பந்தலில் திராட்சை பறிக்க ஏணி ஏறினாள். ஏணி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கை வரை மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் உதவிக்கு வந்தபோது, "எல்லா ஏற்பாடும் ஆயிடுச்சு, நீங்க போங்க," என்று இடது கையால் கதவைச் சாத்தினாள். ஏற்பாடு ஒன்றும் ஆகவில்லை என்பது பால்கனியில் நின்ற ருமேனாவுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவள் ஏழெட்டுத் தடவை பால்கனிக்குப் போய்வந்தாள்.

"மேலேருந்து முறைச்சா மிளகா தானா வெந்துடுமா?" என்றார் த்ராய்சே, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நான் எங்க மிளகாயப் பார்த்தேன்? மழை வருதான்னு பார்த்தேன்."

"மழ அந்தச் சாக்குக்குள்ளேருந்தா வரும்?"

"காம்பு சுருங்கிப்போச்சுங்க. இன்னும் ரெண்டு நாள் போனா அழுகி ஆட்டுக்குத்தான் போடணும்."

"போய்ச் சொல்லேன்."

"எனக்கென்ன தலையெழுத்தா? அவ மிளகா, அவ பாடு."

சனிக்கிழமை காலை போஷ்கோவே அடுப்பை மூட்டினான். தலைநகருக்கும் ஊருக்குமாய் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். மலைப்பாதையில் பனிமூட்டத்தில்கூட ஸ்டீயரிங் நடுங்காது. ஆனால் நாற்பது மிளகாயை ஒரே நேரத்தில் தகட்டில் பரப்பியதும் வெலவெலத்துப் போனான். ஒன்றைத் திருப்புவதற்குள் ஐந்து கருகியது. நாற்காலியில் மாவுக்கட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த லில்யானா, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி இடது கையை ஆட்டினாள்.

"இடது பக்கம்! அதில்ல, பக்கத்துல இருக்கிறது! ஐயோ, அது செத்தே போச்சு!"

"நீ கத்துனா எனக்கு ஒண்ணும் ஓடாது. பஸ்ஸில ஒரு போர்டு இருக்கும், ஓட்டுநரோட பேசாதீங்கன்னு. அது மாதிரி இங்கயும் ஒண்ணு மாட்டுறேன்."

ருமேனா பால்கனியில் துணி காயப்போடுவது போல் ஒரே துண்டை மூன்றாவது தடவை உதறிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது, கைகளோ பரபரத்தன. போஷ்கோ ஒரு வழியாக ஒரு வாளி மிளகாயைச் சுட்டுவிட்டான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்குப் போனான். குழாயைத் திறந்தான். தோல் சுலபமாகக் கழன்றுவிடும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

சுட்ட மிளகாயைத் தண்ணீரில் கழுவுவதா! புகை வாசமும் இனிப்பும் மொத்தமாய்ச் சாக்கடைக்கல்லவா போகும்!

"ஐயோ, மிளகாய்க்குத் தண்ணி கூடாது!"

இரண்டு குரல்கள். ஒன்று நாற்காலியிலிருந்து, ஒன்று பால்கனியிலிருந்து. எழுத்துப் பிசகாமல் ஒரே வார்த்தை, ஒரே நேரத்தில். போஷ்கோ வாளியைக் கீழே போட்டுவிட்டு பால்கனியையும் பார்த்தான், நாற்காலியையும் பார்த்தான். லில்யானா நிமிர்ந்தாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஓரகத்திகளின் கண்கள் நேருக்கு நேர் சந்தித்தன. யார் முதலில் முகத்தைத் திருப்புவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

ருமேனா முதலில் திருப்பினாள். திருப்பிய வேகத்திலேயே ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு படியிறங்கி வந்துவிட்டாள்.

"தள்ளு," என்று போஷ்கோவின் கையிலிருந்து இடுக்கியைப் பிடுங்கினாள். "சுட்டதெல்லாம் பெரிய பானையில போட்டு மூடு. வேர்க்க விடணும். வேர்த்தா தோல் தன்னால கழண்டு வரும். உன் பொண்டாட்டி இதைக்கூடச் சொல்லித் தரலையா?"

"அண்ணிகிட்ட சொல்லுங்க," என்றாள் லில்யானா புருஷனிடம், "நான் சொன்னேன், உங்க காதுல விழலன்னு."

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, நாற்காலிய நிழலுக்கு நகர்த்திக்கச் சொல்லு. புகை அந்தப் பக்கம்தான் போகும்."

"அண்ணிகிட்ட சொல்லுங்க, எனக்குப் புகை பழகிப்போச்சுன்னு."

"ரெண்டு பேரும் இப்படியே பேசினா," என்றான் போஷ்கோ, "எனக்கு டிக்கெட்டுக் காசு தரணும்." சொல்லிவிட்டு விறகு பிளக்கும் சாக்கில் நழுவினான். இடையில் சேதி கொண்டுபோக ஆளில்லாமல் போயிற்று.

ருமேனா நான்கு நான்காக மிளகாயைத் திருப்பினாள். எந்தப் பக்கம் கருத்தது, எது இன்னும் பச்சை என்று அவள் விரலுக்குத் தெரியும். நண்பகலுக்குள் பானைகள் நிறைந்தன. பெரிய பேசினைச் சுற்றி உட்கார்ந்து உரிக்கத் தொடங்கியபோது லில்யானாவும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். மாவுக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த விரல்நுனிகளால் மிளகாயின் காம்பைப் பிடித்து, இடது கையால் தோலை இழுத்தாள். முகம் சுளித்தது.

"வலிக்குதில்ல? சும்மா உட்காரேன்டி," என்றாள் ருமேனா. நேராகச் சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"சும்மா உட்கார்ந்தா அதைவிட வலிக்குதுக்கா."

பேசினில் தோல் குவிந்தது. லில்யானா தெருமுனையில் சலூன் வைத்திருப்பவள். ஆளைப் பார்த்தால் அவள் கண் முதலில் தலைக்குத்தான் போகும். இப்போதும் போயிற்று.

"அக்கா, கேட்டா கோச்சுக்கக் கூடாது. உன் தலையில சாயம் அடிச்சது யாரு?"

"ஏன்? பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல ஒருத்தி."

"அவ மேல கேஸ் போடலாம். முன்னாடி கத்திரிக்காய் கலர், பின்னாடி கேரட் கலர்."

ருமேனா கையில் இருந்த மிளகாயை ஓங்கினாள். எறிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு வருஷமா இந்தக் கோலத்தோடதான் அலையுறேன். இவர்கூட ஒரு வார்த்த சொல்லல பாரு."

"மாமாவா? உன் தலை வழுக்கையானாக்கூட வீட்ல வெளிச்சம் அதிகமா இருக்கேன்னுதான் நினைப்பாரு."

உரித்ததைத் துணியில் கட்டிப் பந்தலில் தொங்கவிட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. இரவெல்லாம் நீர் வடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை த்ராய்சேயும் போஷ்கோவும் மேசையில் அரவை இயந்திரத்தை முடுக்கி மாறி மாறிக் கைப்பிடியைச் சுற்றினார்கள். இரண்டு வீட்டிலும் இருந்ததிலேயே பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறியது. எண்ணெய் காய்ந்து, அரைத்த விழுது விழுந்ததும் முற்றமே செக்கச் சிவந்தது போலிருந்தது. ருமேனா மரத்துடுப்பை எடுத்துக்கொண்டாள். இனி நான்கு மணி நேரம் கை நிற்கக் கூடாது.

லில்யானா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "உள்ள வேற எதுவும்..."

"கத்திரிக்காய் போட்டேனான்னு கேக்குறியா?"

"இல்லக்கா, சும்மா..."

"போடல. உன் ஐவார், உன் முறை. கையி மட்டும்தான் என்னோடது." ருமேனா துடுப்பை நிறுத்தவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது. "அன்னைக்கு நீ சொன்னது பாதி நெசந்தான், லில்யானா. அந்த வருஷந்தான் தையல் ஃபேக்டரிய மூடி எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மிளகாய் கொஞ்சமா வாங்கி, கத்திரிக்காய் கூடப் போட்டுக் கிளறினேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். நீ எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்ச மாதிரி ஆயிடுச்சு."

லில்யானாவின் முகம் வெளுத்தது. "வேலை போன அன்னிக்கு லீவுன்னுதானே சொன்னே?"

"கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்."

"அப்போ சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா அந்த வாயை ஊசி நூல் வச்சுத் தச்சிருப்பேன்." அவள் இடது கையால் ஏப்ரன் நுனியைத் திருகினாள். "எங்கண்ணன் இருபது வருஷமா என் ஐவாரத் தின்னுட்டுப் போறான். ஒரு நாள் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. உன்னோடத ஒரு கிண்ணம் தின்னுட்டு ஆகாங்கிறான். வயிறு எரிஞ்சுபோச்சு. அதான் வாயில வந்ததக் கொட்டிட்டேன். மறுநாளே மேல வரணும்னு நெனச்சேன். படி வரைக்கும் வந்தேன்."

"படி வரைக்கும் வந்தவ மேல வந்திருக்கலாம்ல?"

"நீ கதவத் திறக்கலேன்னா?"

"திறந்திருக்க மாட்டேன்தான்," என்று ஒப்புக்கொண்டாள் ருமேனா. "ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தா திறந்திருப்பேன்."

அந்த நேரம் பார்த்து விழுது 'டப்'பென்று வெடித்து அவள் முழங்கையில் தெறித்தது. "ஆ!" என்றதும் லில்யானா பாய்ந்து போய் ஈரத்துணி கொண்டுவந்து, ஒற்றைக் கையால் தடுமாறித் தடுமாறிச் சுற்றினாள். சுற்றிய அழகைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். லில்யானாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. புகை என்றாள். ருமேனாவும் புகையைத் திட்டினாள்.

நான்கு மணிக்குத் துடுப்பால் நடுவில் கோடு இழுத்ததும் பாத்திரத்தின் அடி தெரிந்தது; பதம் வந்துவிட்டது. அடுப்பில் சூடாக்கிய ஜாடிகள் வரிசையாக நிறைந்தன. நாற்பத்தொன்று. பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததை ரொட்டித் துண்டால் துடைத்து, வெள்ளைப் பாலாடைக்கட்டியோடு பந்தலடியில் நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். த்ராய்சே ஆளுக்கொரு சின்னக் கிளாசில் ராக்கியா சாராயம் ஊற்றினார்.

ருமேனா ஒரு வாய் மென்றாள். சுத்தமான மிளகாயின் இனிப்பு, பின்னால் மெல்லப் புகை. கத்திரிக்காய் இல்லாமலேயே, பாழாய்ப்போனது, அருமையாகத்தான் இருந்தது. அதைச் சொல்லிவிடக் கூடாது என்று இன்னொரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க சொல்லுங்க," என்றாள் லில்யானா. "அக்காவோடதா, என்னோடதா, எது நல்லாருக்கு?"

த்ராய்சே மெல்லுவதை நிறுத்தினார். தம்பியைப் பார்த்தார். தம்பி அவசரமாகப் பந்தலில் திராட்சைக் குலைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"ரெண்டையும் கிளறினது ருமேனாதானே," என்றார் கடைசியில். "கை ஒண்ணுதானே."

"பாரு, நழுவுறாரு!" இரண்டு பெண்களும் ஒன்றாகக் கத்தினார்கள்.

தெற்கே பெலாசித்சா மலை மீது வெயில் மஞ்சளாக இறங்கியது. லில்யானா விரலை நக்கிக்கொண்டு, "நவம்பர்ல முட்டைக்கோஸ் ஊறப்போடணுமே. என் கட்டு அதுக்குள்ள அவிழ்ந்துடும். ஒரே பீப்பாய்ல போட்டுடலாமாக்கா?" என்றாள்.

"போடலாம். நூறு லிட்டருக்கு நாலு கிலோ உப்பு."

"நாலா? கடல்லயா ஊறப்போடப் போறோம்? மூணு போதும்."

"மூணு போட்டா கிறிஸ்துமஸுக்குள்ள கூழாயிடும்டி!"

"நாலு போட்டா நாக்கு தோலுரிஞ்சுடும்க்கா!"

போஷ்கோ அண்ணனின் கிளாசை மெல்லத் தன் பக்கம் இழுத்து இன்னொரு தடவை நிரப்பினான். மேசைக்கு மேலே இரண்டு பெண்களும் விரல்களை விரித்துக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு இரண்டு கை, ஒருத்திக்கு ஒன்று.