பாலத்துக் கல்லில் அப்பா பேர்

ஆற்றுப் பாலம் கட்டும்போது தண்ணீரில் போனவர்களின் பேரை முதல் தூணில் வெட்டி வைத்திருந்தார்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். உடல் கிடைக்கவில்லை, போட்டோவும் கிடையாது. அந்தச் சுண்ணாம்புக்கல்லில் இருந்த எழுத்துதான் எங்களுக்கு அவர். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் சொல்லும் அதுதான். அதற்குமேல் படிப்பு எனக்கு ஏறவில்லை.

பிறகு அமில ஆலை வந்தது. மழை பெய்தால்தான் ஆறு நுங்கும் நுரையுமாக ஓடும் என்றிருந்தது போய், கோடையிலும் நுரைத்தது. மீன் செத்து மிதந்தது. புகை படிந்து பாலம் கறுத்தது, அந்தப் புகையே எழுத்தைப் பாதி தின்றது. ஊர் கத்திய கத்தலில் ஆலைக்காரன் இரக்கப்பட்டான். பாலத்தை அவனே கழுவித் தருவானாம். எதால்? அவன் அமிலத்தால்தான். இந்தக் கூத்துக்குக் கைதட்டவும் ஆள் இருந்தது.

என் மாப்பிள்ளைக்கு அங்கேதான் சூப்பர்வைசர் வேலை. கழுவுகிற பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். முதல் தூணை மட்டும் விட்டுவிடச் சொல்லி வீட்டுக்கே போய்க் கேட்டேன். மகள் தலை நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சிரித்தார்.

“கக்கூஸையே இதுலதான் கழுவுறோம் மாமா. பளிச்சுன்னு ஆயிடும், பாருங்க.”

“கக்கூஸுல எங்கப்பா பேர் இல்லையே, மாப்பிள்ளை.”

யோசிக்கிறேன் என்றார். நம்பவில்லை நான். விடிந்ததும் ஓடினேன். அதற்குள் ஊற்றிவிட்டார்கள். கல் பால் மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. நுரை வடிந்ததும் தடவிப் பார்த்தேன். கரைந்த சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. ஒரு எழுத்துகூட விரலில் தட்டுப்படவில்லை.

எதிர்த் தூணில் மட்டும் எழுத்து இருந்தது. பாலத்தைப் புதுப்பித்த ஆலையின் பேராம். கழுவுவதற்கு முன்னாலேயே கறுப்புக் கல்லில் வெட்டிப் பதித்துவிட்டார்கள். ஓரமாகக் கிடந்த கேனைத் தூக்கி, மிச்சத்தை அதன் மேல் ஊற்றினேன். கூலியாட்கள் விலகி ஓடினார்கள். மாப்பிள்ளை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“வீணா ஊத்தாதீங்க மாமா. அது கருங்கல்லு. அத ஒண்ணும் பண்ணாது.”

உண்மைதான். வழிந்து போயிற்றே தவிர, ஒரு புள்ளி அழியவில்லை.

“அப்ப எந்தக் கல்லு கரையும்னும் தெரிஞ்சிருக்கு?” என்று கேட்டேன்.

அவர் கையுறையைக் கழற்றத் தொடங்கினார். கழற்றி முடித்த பிறகும் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே நின்றார்.