மடிப்பாட்டம்

அந்தச் சலவைக்கூடத்தில் பெட்ஷீட் மடிக்கும் பெண்களுக்கென்று ஓர் ஆட்டம் உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். கையில் துணி இருக்காது. இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். உதறு, இழு, சேர்ந்து மடி, முனையைக் கொடு, விலகு. அவ்வளவுதான். மதிய இடைவேளையில் யாரோ விளையாட்டாக ஆரம்பித்தது. இப்போது ஆண்டுவிழாவில் அது இல்லாவிட்டால் சூப்பர்வைசருக்கே சாப்பாடு இறங்காது.

அண்ணி எட்டு வருடமாகத் தன் நாத்தனாரோடுதான் மடிக்கிறாள், ஆடுகிறாள். நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூடத்தில் எல்லாருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். நாத்தனார் வயதில் சின்னவள், வாயில் பெரியவள்.

இரண்டு மாதமாக அண்ணியின் வலது கையில் பிடிமானம் இல்லை. கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தெரிந்தால் மடிப்பு மேசையிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் வீட்டுக்குத்தான். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. நாத்தனாருக்குத் தெரிந்தால் ஊரெல்லாம் தண்டோராதான்.

அவளோ சமீபமாகத் துணியை வெடுக்கென்று பிடுங்க ஆரம்பித்திருந்தாள். அண்ணி முனையைக் கொடுக்க வருவதற்குள் பாதி வழியில் வந்து பறிப்பாள். "ஆமை மாதிரி வராதீங்க அண்ணி" என்று ஏச்சு வேறு. தன்னை மட்டம் தட்டத்தான் இந்த ஆட்டமெல்லாம் என்று அண்ணி உள்ளுக்குள் கறுவினாள். இதுவரை ஒரு ஷீட்கூடக் கீழே விழாதது தன் சாமர்த்தியம் என்றும் நினைத்துக்கொண்டாள், பாவம்.

ஆண்டுவிழாவன்று அவளுக்கு நிம்மதி. துணியே இல்லாத ஆட்டத்துக்குப் பிடிமானம் எதற்கு?

பாட்டு தொடங்கியது. உதறினார்கள், இழுத்தார்கள், சேர்ந்து மடித்தார்கள். 'கொடு' வந்தது. அண்ணி நடந்து வர வேண்டும், நாத்தனார் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் நாத்தனார் ஓர் எட்டு முன்னால் பாய்ந்தாள். அவளுடைய இடது கை அண்ணியின் வலது கைக்கு அடியில் போய், விழப்போவதை ஏந்துவதுபோல் விரிந்து நின்றது.

சூப்பர்வைசர் சிரித்தார். "என்னம்மா, அடி தப்புது?"

கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. பறித்ததெல்லாம் பறித்தது இல்லை.

"எப்பலேருந்து தெரியும்?" என்று முணுமுணுத்தாள்.

"டீ கிளாஸைக் கீழ போட்டீங்கல்ல, அன்னைக்கே."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா அழுவீங்க. திங்கக்கெழம டாக்டர்கிட்ட போறோம், நானும் வரேன். இப்ப ஆடுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

அண்ணி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "தப்பில்ல சார். இது எங்க வீட்டு அடி."

அடுத்த சுற்றில் மறுபடி 'கொடு' வந்தது. நாத்தனார் இம்முறை முறைப்படி நின்ற இடத்திலேயே நின்றாள். அண்ணி நடந்து போய், சொன்ன பேச்சு கேட்காத அந்த வலது கையை அவள் உள்ளங்கையில் தானாகவே வைத்தாள்.