ஹீற்றருக்கு வந்த சூடு

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்து ரெலிபோன் வந்தது. பிள்ளையை இன்றைக்கே கொண்டுபோகலாம், நாலு மணிக்கு வாருங்கள் என்றாள் தாதி. செபஸ்ரியன் ரிசீவரை வைத்துவிட்டு, யாருமில்லாத சான்ட்ரிங்ஹாம் வீட்டில் தனியே நின்று கை தட்டினான். நாள் கணக்குக்கு இரண்டு மாதம் முந்திப் பிறந்து, ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டியும் கட்டிலுமாகக் கிடந்த மகள் வீட்டுக்கு வருகிறாள்! மனைவி விக்ரோறியா இரண்டு நாளாகப் பிள்ளையோடு அங்கேயே தங்கியிருந்தாள்.

தாதி ஒன்று கூடவே சொல்லியிருந்தாள். குறைமாதப் பிள்ளை குளிர் தாங்காது, காரை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு வரவேண்டும். அங்கேதான் இடித்தது.

அது தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஜூலை, ஓக்லாந்தின் நடுக்குளிர். செபஸ்ரியனின் கார் பதினொரு வயது டீசல் கார். அதன் ஹீற்றரைப் போட்டால் யாரோ முகத்துக்கு நேரே கொட்டாவி விட்ட மாதிரி ஒரு வெதுவெதுப்பு வரும், அவ்வளவுதான். மே மாதம் முழுக்க வயிற்றுப் பிள்ளையோடு விக்ரோறியா இரண்டு போர்வைக்குள் நடுங்கியபடி, "கூட்டுங்கோ, இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ" என்று கெஞ்சினாள். கார் விற்றவன் ஏமாற்றிப்போட்டான் என்று செபஸ்ரியன், மங்கரே விமான நிலையத்தில் தன்னோடு சரக்கு ஏற்றுகிறவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

ராக்சி பிடிக்கலாம்தான். ஆனால் காரில் பிள்ளைக்கான இருக்கைகூடப் பூட்டியாகிவிட்டது. தன் மகளைத் தன் காரில் கொண்டுவர வேண்டும் என்று ஐந்து வாரமாக ஆசையை வளர்த்தவனுக்கு ராக்சிக் கதை காதில் ஏறுமா?

செபஸ்ரியன் வெளியே போய்க் காரை ஸ்ராட் செய்து ஹீற்றரைப் போட்டான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கோதண்டராமன் வேலியைத் தாண்டி வந்தார். சென்னைக்காரர், இங்கே பஸ் ஓட்டுகிறவர். சொந்தக் கார் இல்லாவிட்டாலும் எல்லார் காரைப் பற்றியும் அபிப்பிராயம் உள்ளவர்.

"காத்து நல்லா வருதே. அப்ப ஃபேன்ல குத்தமில்ல," என்றார் காருக்குள்ளே கையை நீட்டி.

செபஸ்ரியன் பொனற்றைத் திறந்து, ஹீற்றருக்குப் போகிற இரண்டு ரப்பர் குழாய்களையும் பிடித்துப் பார்த்தான். "ஒண்டு சுட்டு மற்றது குளிர்ந்தால் உள்ளுக்குள்ள அடைப்பு. இது ரெண்டும் ஒரே மாதிரி. அடைப்பில்லை அண்ணை, தண்ணி ஓடுது!" தண்ணீர் மட்டமும் சரி. குற்றவாளியை நெருங்கிவிட்ட பொலிஸ்காரன் போல அவன் நிமிர்ந்தான். "தண்ணி ஓடுது. ஆனால் தண்ணியே சுடேல்லை!"

இருபது நிமிடம் ஓடியும் வெப்பமானி முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. எஞ்சினை ஆறவிட்டுத் திரும்ப ஸ்ராட் செய்து, ரேடியேற்றருக்குப் போகிற தடித்த குழாயில் கையை வைத்தான். கொஞ்ச நேரத்திலேயே இளஞ்சூடு வந்துவிட்டது.

"எஞ்சின் சூடாக முதலே தண்ணி ரேடியேற்றருக்கு ஆறப் போகுது, அண்ணை!"

"அப்ப தேர்மோஸ்ரற் திறந்தபடியே மாட்டிக்கிச்சு!" கோதண்டராமன் தொடையில் தட்டினார்.

"இல்லை. அது மாட்டேல்லை."

"எப்படி அவ்ளோ நிச்சயமா சொல்றீங்க?"

செபஸ்ரியனின் கை குழாயிலேயே நின்றுவிட்டது. "அது உள்ளுக்கு இல்லை. நான்தானே கழட்டினனான்."

தேர்மோஸ்ரற் என்பது முட்டைக் கோப்பை அளவு பித்தளைச் சாமான். தண்ணீர் சூடேறும்வரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் வழியை மூடி வைத்திருக்கும். மன்னார் வெய்யிலில் எஞ்சின் கொதித்துவிடும் என்ற பயம்தான் பெரிது. அங்கே லொறி திருத்திய காலத்தில் செபஸ்ரியன் முதலில் கழற்றி எறிவது இதைத்தான். பெப்ரவரி வெய்யிலில் இந்தக் காரை வாங்கிய அன்றே பழக்க தோஷத்தில் கழற்றினான். கோதண்டராமன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்ல காரியம். எங்க ஊர்லயும் இப்படித்தான்" என்று ஆசீர்வதித்தார். இப்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரயரைப் பார்த்தார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். செபஸ்ரியனின் வினை அவன் பெண்சாதியைக் குளிரில் நடுங்க வைத்திருந்தது.

மவுண்ட் வெல்லிங்டனில் பழைய உதிரிப்பாகம் விற்கிற இடத்துக்கு ரெலிபோன் எடுத்தான். மணி பன்னிரண்டரை. பன்னிரண்டுக்கே பூட்டிவிட்டார்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெரிய தவறு செய்த பிள்ளை தாயிடம் போவதுபோல முன்னறையில் மாதாவின் சுருவச் சிலைக்கு முன்னால் போய் நின்றான். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று விக்ரோறியா நாள்தோறும் மெழுகுதிரி கொளுத்திய இடம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கொளுத்திய அடிக்கட்டை இன்னும் நின்றது, ஒரு பித்தளைத் தாங்கியில்.

"ஐயோ மாதாவே!" என்று அவன் போட்ட சத்தத்தில் கோதண்டராமன் செருப்போடு உள்ளே ஓடிவந்தார்.

அவன் குப்பையில் போட்ட தேர்மோஸ்ரற்றை விக்ரோறியா எடுத்து மினுக்கித் திரித் தாங்கியாக்கி வைத்திருக்கிறாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை!

இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, அடுப்பில் சட்டித் தண்ணீர் வைத்து அதைப் போட்டான். மெழுகு உருகி மேலே மிதந்தது. தண்ணீர் சுட்டது, ஒன்றும் நடக்கவில்லை. ஆவி பறந்தது, அப்போதும் ஒன்றுமில்லை. செத்துப்போய்விட்டதா? இரண்டு தலைகளும் சட்டிக்கு மேலே முட்டிக்கொண்டன. கொதிக்கிற நேரம் பார்த்து அது மெல்ல வாயைத் திறந்தது.

"திறக்குது அண்ணை, திறக்குது!"

"திறந்துடுச்சுய்யா!" கோதண்டராமன் அவனைக் கட்டிப்பிடித்தே விட்டார்.

தண்ணீர் ஒழுகாமல் இருக்கக் கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி அட்டையை வெட்டிக் கிறீஸ் பூசி நடுவில் வைத்து, தேர்மோஸ்ரற்றைத் திரும்பப் பூட்டினான். மூன்று மணிக்கு வெப்பமானி முள் எழும்பி நடுவுக்கு வந்தது. காருக்குள்ளே இருந்த கோதண்டராமன் கண்ணாடியை இறக்கி, "போதும்யா, வேகுது!" என்று கத்தினார்.

நாலு மணிக்குப் பிள்ளையைப் பின்னால் இருக்கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிய விக்ரோறியா காற்றில் கையை நீட்டினாள். "என்ன இது, சூடு வருது!"

ஆஸ்பத்திரி வாசல் தாண்டுமுன் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "வித்தவனில பிழை இல்லை. என்னிலதான். உம்மை நடுங்க வைச்சது நான்தான்."

முதல் சிக்னலில் கார் நின்றது. அவனுக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் திரி கொளுத்தினது உங்கட கெட்டித்தனத்துக்கு மேலேயோ?"

"ஓம்," என்றான் சின்னக் குரலில்.

பின்னால் இருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு மூக்குறிஞ்சும் சத்தம் வந்தது. பச்சை விழுந்து கார் நகர்ந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் விக்ரோறியா. "கொஞ்சம் குறையுங்கோ. பிள்ளைக்கு மூக்கில வேர்க்குது."