எண்ணெய் வந்த வழி

வண்டியின் பிளக்கைக் கழற்றி அவளிடம் நீட்டியபோது மாமா வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய மட்டும் காலையிலேயே, வண்டிக்குரியவர் முன்னிலையில், கூரைத் தகடு அதிரத் திறந்தாயிற்று.

"போர் போட்ட கை சரியில்லீங்க. கொழுந்தியாளாச்சேன்னு கொடுத்தேன். என் தலையெழுத்து!"

தகரத் தடுப்புக்கு அப்பால் லேத்தின் அருகே நின்ற கொழுந்தியாளின் செவியில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. ஒரே கொட்டகைதான், ஒரு பாதியில் அக்காள் கணவரின் மெக்கானிக் பட்டறை, மறுபாதியில் அவளுடைய கடைசல் பட்டறை. பதினோரு ஆண்டுகளாகச் சிலிண்டரின் உட்சுவரைக் குடைந்து போர் போட்ட கை அவளுடையது. நூலிழையை நூறாகப் பகுத்தாலும் அதில் ஒரு கூறு பிசகாத கை. அந்தக் கையைத்தான், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த வண்டிக்காரர் தடுப்புக்கு மேலாக ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சிலிண்டரக் கழட்டி வைங்க. மத்தியானம் வந்து எடுத்துக்கறேன். வேற லேத்துல இன்னொரு கட்டிங் போட்டுக்கலாம்."

இன்னொரு கட்டிங்! அரை நூற்றாண்டைக் கடந்த ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் அது. கடைசி அளவு வரை குடைந்தாகிவிட்டது. இனி ஒருமுறை உளி பட்டால் சுவர் தாங்காது. சிலிண்டர் காயலான் கடைக்குத்தான் போகும். மாற்றுச் சிலிண்டர் எங்கும் கிடையாது. அதைக் கெடுத்தவள் என்ற பெயர் மட்டும் அவளுக்கு என்றென்றைக்கும் கிடைக்கும்.

அவள் கத்தவில்லை. உலையிலிட்ட இரும்பு சிவப்பு நீங்கி வெண்மை எய்தும் வேளையில் ஓசை எழுப்புவதில்லை. அப்படியொரு கோபம் அது. கைகழுவித் துடைத்துக்கொண்டு தடுப்பைக் கடந்து வந்தாள்.

"மாமா, கழட்டறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்."

"பாத்து என்ன ஆகப்போவுது? நாப்பது கிலோமீட்டருக்கு ஒரு பிளக்கு சாவுது. பிஸ்டன் புதுசு, ரிங்கு புதுசு. மிச்சம் உன் போரு ஒண்ணுதான்."

"பேசி முடிச்சிட்டீங்கன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மாமா கழற்றி நீட்டிய பிளக்கின் முனை கறுத்து, நனைந்து, பளபளத்தது. விரலில் தேய்த்துக் காற்றில் பிடித்தாள். பெட்ரோலாக இருந்தால் உலர்ந்திருக்கும், இது உலரவில்லை. எண்ணெய்தான். அதில் மாமா சொன்னது மெய். எண்ணெய் எந்த வழியாக வந்தது என்பதே வழக்கு.

பிளக் துளையில் அழுத்தமானியைத் திருகி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, கிக்கரை ஓங்கி மிதித்தாள். மிதித்த மிதியில் காலையில் கேட்ட சொற்கள் அத்தனையும் இருந்தன. முள் எட்டில் நின்றது. பிறகு துளைக்குள் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடியும் மிதித்தாள். எட்டேதான், மயிரிழைதான் மேலே.

"போரு தேஞ்சிருந்தா, ரிங்கு ஒக்காரலைன்னா, எண்ணெய் ஊத்தினதும் முள்ளு எகிறியிருக்கணும். எகிறுச்சா?"

மாமா மோவாயைச் சொறிந்தார். "மீட்டரு பழசு."

"ஆமா, மீட்டரு பழசு, வண்டி பழசு, பழி போட மட்டும் நான் ஒருத்தி புதுசு!"

வேறு பிளக் போட்டு வண்டியை உயிர்ப்பித்தாள். ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி இருந்தவரை புகை இல்லை. சட்டென்று மூடி, வேகம் அடங்கவிட்டு, மறுபடி திறந்தாள். குழலிலிருந்து நீலப்புகை குபீரெனக் கிளம்பி மாமாவின் முகத்தை மறைத்தது.

"மூடித் திறந்தா மட்டும் புகையுது. கீழேருந்து வரல மாமா. மேலேருந்து வால்வு வழியா உறிஞ்சுது."

"வால்வு கைடும் புதுசுடி!" முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, இருமலுக்கிடையே கத்தினார். "நானே அடிச்சது!"

"அப்ப மேல மூடியத் தொறங்க."

திறந்தார். உள்ளே எண்ணெய் குளமாகத் தேங்கி, வால்வு சுருள்கள் பாதியளவு முழுகிக் கிடந்தன. இவ்வளவு தேங்கினால், வால்வைப் பிடித்து நிற்கும் கைடு புதிதானாலும் கசியத்தான் செய்யும். மேலே ஏறும் எண்ணெய், சிலிண்டருக்கு மேல் அமர்ந்த ஹெட்டின் ஓரத்துளை வழியே இறங்கி, சிலிண்டர் சுவருக்குள் ஓடும் துளையைக் கடந்து, அடிப்பெட்டியை அடைய வேண்டும். இது இறங்கவே இல்லை. அவள் ஒரு சைக்கிள் கம்பியை அத்துளையில் விட்டாள். போயிற்று, போயிற்று, நின்றது. நின்ற இடத்தை நகத்தால் குறித்து, வெளியே எடுத்து அளந்தாள். ஹெட்டின் உயரமும் சிலிண்டரின் உயரமும் சேர்ந்த கணக்கு, சற்றும் கூடாமல் குறையாமல். சிலிண்டர் அடிப்பெட்டியில் அமரும் இடம் அது. அங்கே இருப்பது, இரண்டுக்கும் நடுவே கசியாமலிருக்க வைக்கும் பேக்கிங் காகிதம் ஒன்றே.

"லேசா ஒரு குத்து குத்திப் பாரேன்," என்றார் மாமா. குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"குத்தினா ஓட்டை விழுந்துடும். அப்புறம் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சும்பீங்க. உங்க கையாலயே சிலிண்டரத் தூக்குங்க."

தூக்கினார். உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக அவள் இழுத்த மெல்லிய கோடுகள் ஒன்றுகூட மழுங்காமல் மின்னின. அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஆணித் துளைகள் இருந்தன. எண்ணெய்த் துளை இருக்க வேண்டிய இடம் முழுக்காகிதமாக இருந்தது.

"பழைய பேக்கிங்க வச்சுத்தான வெட்டினேன்! அச்சு அசலா அதே மாதிரி!"

அந்தப் பழைய காகிதம் சுவரில் ஆணியில் தொங்கியது. கழற்றிய எதையும் மாதிரிக்காக மாட்டிவைப்பது மாமாவின் ஒழுங்கு. அவள் அதை எடுத்து, மூலையில் கம்பி முனையால் அழுத்தினாள். பல்லாண்டு எண்ணெய் இறுகிக் கல்லான கறுப்புக் கட்டி ஒன்று உதிர்ந்தது. துளையின் வழியே பகல் வெளிச்சம் வந்தது. அடைப்பையும் காகிதமென்றே எண்ணி அப்படியே படியெடுத்திருக்கிறார்.

"சரி விடு. யார் மேலயும் தப்பில்ல. பழசு பண்ணின வேலை."

"காலைல என் மேல இருந்த தப்பு, இப்ப யார் மேலயும் இல்லாமப் போச்சா?"

அவர் பழைய காகிதத்தை வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டுகையில் கப்பல்காரர் வந்துவிட்டார், சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு கோணிச் சாக்குடன்.

"சின்ன விஷயந்தாங்க," மாமா முந்திக்கொண்டார். "பேக்கிங்ல லேசா ஒரு..."

"மாமா." அவள் விரல் தரையைக் காட்டியது. "காலைல நின்ன எடத்துல நின்னு சொல்லுங்க. அதே சத்தத்துல."

மாமா அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். இரண்டடி நகர்ந்து நின்றார்.

"போருல தப்பில்லீங்க. பேக்கிங் நான் வெட்டினது. ஓட்டை போடாம விட்டது நான்தான்." தொண்டையைச் செருமிக்கொண்டு, கூரைத் தகடு அதிராவிட்டாலும் சிணுங்கும் அளவுக்குச் சொன்னார்: "கொழுந்தியா கை சுத்தமான கைங்க."

கப்பல்காரர் சாக்கை நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அப்ப இன்னொரு கட்டிங் வேணாமா?"

"அத அவங்களையே கேளுங்க," என்றார் மாமா.

"போட்டிருந்தா வண்டிய மாலை போட்டுத்தான் அனுப்பியிருக்கணும்," என்றாள் அவள். சிரிக்கவில்லை.

அவர் தலைகுனிந்து போனபின், மாமா புதிய பேக்கிங் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இத நீயே வெட்டிடேன்."

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவிடும் எண்ணமும் அவளுக்கு இல்லை. முக்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க வெட்டுங்க மாமா. நான் ஓட்டைய எண்ணறேன்."