கரண்ட் போதவில்லை

எங்கள் கடையில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. காரில் சவுண்டு சிஸ்டம் போட வந்தால், பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் கரண்ட் கொண்டுபோவது என் பாடு. அதற்கப்புறம் வருகிற சத்தத்தைச் சரியாக வைப்பது என் வீட்டுக்காரர் பாடு. அவர் மீட்டர் கீட்டர் எதையும் தொடமாட்டார். சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, குமிழைத் திருகுவார். தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர். ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை. நுழைத்தால் சண்டை வீடு வரைக்கும் வரும்.

சத்தத்தில் குறை என்றால் முதலில் கரண்டைத்தான் சந்தேகப்படுவோம். பெரும்பாலும் அதுதான் காரணமாகவும் இருக்கும். பெரிய ஆம்ப்ளிஃபையரை வாங்கி மாட்டிவிட்டு, அதற்கு நூல் மாதிரி ஒரு வயரை இழுத்துவைத்திருப்பார்கள்.

ஊரிலேயே பெரிய ட்ராவல்ஸ்காரர் தன் வேன்கள் அத்தனைக்கும் சிஸ்டம் போட ஆள் தேடினார். காதுக்காரர் பெயரைக் கேள்விப்பட்டு, "உங்க சொந்த வண்டியில கேட்டுப் பாக்குறேன். பிடிச்சா எல்லா வேனும் உங்களுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த வேலை வந்தால் கடை நிற்கும், இல்லாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் அது தெரியும் என்பதால் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எங்கள் காரில் புது ஆம்ப்ளிஃபையரை ஏற்றினோம். பாட்டில் பாஸ், அந்தத் ‘தும்’ என்கிற கீழ் சத்தம், விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தது. "கரண்ட் போதல," என்றார் என் வீட்டுக்காரர். உண்மைதான். வயரை மாற்றினேன், என் சுண்டுவிரல் கனத்துக்கு. காரை எங்களுக்கு விற்றவர்கள் எர்த் வயரைப் பெயின்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு முடுக்கினேன். லைட் மங்குவது நின்றது.

"இன்னும் போதல," என்றார்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பெரியதாகப் போட்டேன். அப்போதும் அதே பல்லவி. டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைத்தேன், பக்கத்திலேயே ஃபியூஸோடு. இன்ஜினை ஓடவிட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றி, ஆம்ப்ளிஃபையர் வாயிலேயே மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் ஆடவில்லை. இந்தக் கரண்டில் ஒரு கல்யாண மண்டபத்து லைட்டெல்லாம் எரியும்.

"போதலம்மா. மேல் சத்தம், அந்தச் சலங்கை ஜிங் ஜிங் எல்லாம், வரவே மாட்டேங்குது. டல்லா இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன டல்லு? எனக்குக் காது கிழியுது! கரண்ட் பத்தலன்னா பாஸ்தான் முதல்ல படுக்கும். மேல் சத்தத்துக்கு எவ்வளவு கரண்ட் வேணும், ஒரு துளி. அது போய் எப்படிங்க வராம இருக்கும்?"

"வரல. எனக்குத் தெரியாதா?"

பாட்டை நிறுத்திவிட்டு இறங்கினார். சாவி வண்டியிலேயே இருந்தது, கதவு பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. டிங், டிங், டிங் என்று வண்டி கத்த ஆரம்பித்தது. நான் ஏற்கெனவே கடுப்பில் இருந்தேன்.

"முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க. கத்திக்கிட்டே இருக்கு."

"எது கத்துது?" என்றார்.

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. டிங், டிங், டிங். அவர் கதவின் மேல் கை வைத்தபடி, நான் சொல்லப்போவதற்காக என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அந்த மனிதரை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் கை முழுக்க கிரீஸ்.

"கரண்ட் போதும்ங்க," என்றேன். "உங்களுக்குத்தான் கேக்கல."

"என் காதையா சொல்ற?"

"வண்டி கதவுக்காக மணி அடிச்சிட்டிருக்கு. இப்பவும் அடிக்குது."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. உள்ளே குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே காதை ஒட்டிவைத்துக் கேட்டார். பிறகு அடுத்த காதை வைத்தார். எழுந்து கதவைச் சாத்தினார். மணி நின்றதும் அவருக்குத் தெரியவில்லை. சாப்பிடப் போகலாம் என்றார்.

மறுநாள் ட்ராவல்ஸ்காரர் வந்தார். முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, "வைங்க காதுக்காரரே, கேப்போம்," என்றார்.

என் வீட்டுக்காரர் குமிழ் பக்கம் போகவே இல்லை. "சத்தத்தை இவதான் வைப்பா சார். எனக்கு மேல் சத்தம் கேக்கறதில்ல. நேத்துதான் தெரிஞ்சுது," என்றார்.

எனக்குப் பகீரென்றது. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாமே மனுஷா! ட்ராவல்ஸ்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போகவில்லை. "சரிம்மா, வை," என்றார்.

நான் பாட்டைப் போட்டு, அந்த மேல் சத்தக் குமிழில் கை வைத்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத் தொட்டதில்லை. என் வீட்டுக்காரர் வைத்திருந்த இடத்திலிருந்து கொஞ்சம் இறக்கினேன். ட்ராவல்ஸ்காரரின் நெற்றிச் சுருக்கம் போகவில்லை. இன்னும் இறக்கினேன். இன்னும். பாதிக்கும் கீழே வந்த பிறகுதான் பாட்டு பாட்டாகக் கேட்டது. ட்ராவல்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் விரிந்து, தலை தானாக ஆடியது.

என் வீட்டுக்காரர் பாட்டைக் கவனிக்கவில்லை. குமிழ் எங்கிருந்து எங்கே வந்து நின்றது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு கூடவா வெச்சிருந்தேன்?"

பொய் சொல்ல மனசு துடித்தது. "ஆமாங்க," என்றேன்.

"வேனை எல்லாம் எப்பக் கொண்டாரட்டும்?" என்றார் ட்ராவல்ஸ்காரர், கண்ணைத் திறக்காமலே.

"கொஞ்சம் பொறுங்க சார்." என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "இதுக்கு முன்னாடி நான் வெச்சுக் குடுத்த வண்டி எல்லாத்தையும் வரச் சொல்லு. முதல்ல அதை எல்லாம் நீ இறக்கி வை."